லேபிளில் எழுதாத பூ

ஜூன் 8, 2025

நாளை கல்லூரி திறக்கிறது. அதே தாவரவியல் பாடம் நடத்துவது, அதே தென்காசி பஸ், அதே இடுப்பு வலி. என் வீட்டுக்காரர் வந்து, "ஜோதி, ஜாதிக்கா ஊறுகாய்க்கு லேபிள் அடிக்கணும். மரத்தப் பத்தியும் சத்துகளப் பத்தியும் நாலு வரி எழுதித் தா" என்றார். எங்கள் தோட்டத்து மரம் இன்னும் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. லேபிளுக்கு மட்டும் அவசரம்.

ஜூன் 10

எழுதினேன். வெளியே மஞ்சள் சதை, ஊறுகாய்க்கு ஆவது. பழுத்தால் இரண்டாய் வெடிக்கும். உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல ஜாதிபத்திரி. கொட்டையின் ஓட்டுக்குள் பருப்பு. அறுத்தால் பழுப்புக் கோடுகள். பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. நார்ச்சத்து, மக்னீசியம், மாங்கனீசு உண்டு. ஆனால் சமையலுக்கு ஒரு சிட்டிகைதான். மிஞ்சினால் வாந்தி, தலைசுற்றல். சிட்டிகையில் என்ன பெரிய சத்து வந்துவிடப் போகிறது? அதை எழுதவில்லை. பூவைப் பற்றியும் எழுதவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பண்பொழித் தோட்டம். சாரல். நட்டு எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் முப்பத்திரண்டு மரமும் பூத்திருக்கிறது. ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை தெரியாது. ஆண் மரம் காய்க்காது. இவர் மோட்டார் ரூமில் இருந்தபோது ஒவ்வொரு மரத்திலும் பூவை நகத்தால் கீறிப் பார்த்தேன் — பத்தொன்பது ஆண்.

பாதிக்குப் பாதி இப்படி ஆகும் என்று கன்று வாங்கிய அன்றே எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. மருந்து கம்பெனி வேலையில் நொந்து, விட்டுவிட்டு வந்து, வீட்டில் பேச்சே இல்லாமல் கிடந்த மனுஷன் அந்தக் கன்றுகளை இறக்கிய அன்றுதான் சிரித்தார். அதைப் போய் எப்படிக் கெடுப்பது? ஆனாலும் சொல்லியிருக்கணும். எட்டு வருஷம். என்ன பொம்பளை நான்.

ஜூன் 17

அசதி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21

"பத்தொம்பது மரத்துல நோய் விழுந்திட்டு. நாளைக்கு பெஞ்சமின வரச்சொல்லி வெட்டிருதேன்" என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. சரியாகப் பத்தொன்பது. என்ன நோய்? கேட்கவில்லை. ஆண் மரம் அத்தனையும் போனால் மீதிப் பதிமூன்றும் காய்க்காதே.

ஜூன் 22, ஞாயிறு

தோட்ட வேலைக்கு வரும் பெஞ்சமின் முதல் மரத்தில் கோடாலியைப் போட்டுவிட்டார். நிறுத்தச் சொன்னேன். நோய் இல்லை, ஆண் மரம், ரெண்டையாவது விடணும், எனக்கு அன்றைக்கே தெரியும் — எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

இவர் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நர்சரிக்காரன் எங்கிட்டயும் சொன்னாம்ட்டி, பாதி ஆணாப் போவும்னு. ஒனக்குத் தெரிஞ்சா வேண்டாம்பேன்னு சொல்லல."

"நான் பாட்டனி டீச்சர்லா."

"அது அப்பம் தோணல."

பூவைப் பார்த்து ஆண் மரம் எது என்று இவருக்கும் தெரிந்திருக்கிறது, காய்க்க அதுவும் வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. பெஞ்சமின் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு அழுகை வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு ஆண் மரத்தை விட்டுவிட்டு, மற்ற பதினேழிலும் காய்க்கிற மரத்துக் கொப்பு வாங்கி ஒட்டுக் கட்டுகிறோம். கோடாலி பட்டதிலும் கட்டினோம். லேபிளில் பூவையும் சிட்டிகையையும் சேர்த்துவிட்டேன்.

"நாலு வருசத்துல காய்ச்சிரும்" என்றார். பழக்கத்தில் சரி என்று சொல்ல வாய் வந்தது. நாலு இல்லை, அஞ்சு ஆகலாம், சிலது பிடிக்காமலே போகலாம் என்றேன்.

"அஞ்சுன்னா அஞ்சு" என்று அடுத்த கொப்பை எடுத்து நீட்டினார்.