வெள்ளைக்கொடிப் பாத்திகள்

கம்மாபுரம்,
ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் காயத்ரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா சுகம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி, அதுவும் சுகம். என்னைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் மூன்று தடவை சொல்லப் பார்த்தேன். எடுத்ததும் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்கிறாய். "சாப்டேன்மா, மழ பேயுது" என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிடுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு பேனாவை மூடி வைத்தவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த அந்தக் குஜராத் டைல்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே மண்ணைச் சோதிக்கிற வேலை என்றாயே. அங்கே வைத்துப் பிரிக்காதே, ரூமுக்கு வந்து உட்கார்ந்து படி.

போன வாரம் நீ சொன்னது மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "யோசிச்சுப் பாத்தா தப்பு எம்மேலதான் போலப்பா. ஜேபி லேபிள மாத்தியிருக்க மாட்டான். நான்தான் எங்கியோ கோட்டவிட்டிருக்கேன். ஆராய்ச்சிக்கெல்லாம் நான் லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

காயத்ரி, தப்பு உன் மேல் இல்லை. ஜெயப்பிரகாஷ் மேலும் இல்லை. உன் வெள்ளைக்கொடிப் பாத்தி நாலிலும் கல்தூளைப் போட்டவன் நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எரிமலைக் கல்தூள் மகாராஷ்டிராவிலிருந்து லாரியில் வந்து இறங்கிய அன்று, மோட்டார் கொட்டகை வாசலில் வைத்து எனக்கு விளக்கிச் சொன்னாய். மழைத்தண்ணீர் காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் இறங்கும். மண்ணில் இந்தத் தூள் இருந்தால் அதோடு சேர்ந்துகொண்டு, திரும்பக் காற்றில் ஏறாமல் தண்ணீரோடு தண்ணீராகக் கடலுக்குப் போய்விடும். உலகத்தின் சூடு அவ்வளவுக்குக் குறையும் என்றாய். நெய்வேலியில் ஒருபக்கம் கரியைத் தோண்டி எரிக்கிறார்கள், இந்தப் பக்கம் என் மகள் அதைப் பிடித்து மண்ணில் கட்டுகிறாள் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் தெரியுமா? அப்படிப் பீற்றிக்கொண்ட வாய்தான் இது.

எட்டுப் பாத்தி கட்டினோம். தூள் போட்ட நாலுக்கு மஞ்சள் கொடி, ஒன்றும் போடாத நாலுக்கு வெள்ளைக் கொடி. "வெள்ளக்கொடியத் தொடவே தொடாதீங்கப்பா. அது சும்மா கெடந்தாத்தான் இது வேல செய்யுதா இல்லையான்னு தெரியும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டினேன்.

அந்த வருஷம் கார்த்திகை மழை உனக்கு நினைவிருக்கும். மஞ்சள்கொடி நெல் விறைத்து நின்றது. வெள்ளைக்கொடி நெல் பாயாகப் படுத்துவிட்டது. உனக்கு ஒரே சந்தோஷம், வரப்பில் ஓடி ஓடி போட்டோ எடுத்தாய். எனக்கோ சாய்ந்த நெல்லைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த நேரம் பார்த்து சுப்புராயன் வரப்பில் வந்தான். அவன் வாய் சும்மா இருக்குமா? "இன்னா மச்சான், நாலு புள்ளைக்குச் சோறு போட்டு நாலு புள்ளையப் பட்டினி போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் கேலிக்குத்தான் கேட்டான். எனக்குத் தைத்துவிட்டது.

மாட்டுப்பொங்கல் அன்று மஞ்சள் தண்ணீரை மாவிலையால் தெளித்துக்கொண்டு "பொலியோ பொலி" என்று வயலைச் சுற்றி வருவோமே. ஒரு மூலையையும் விடக்கூடாது, விட்ட மூலை விளையாது என்பார்கள். எட்டுப் பாத்திக்கும் தெளித்தேன். வெள்ளைக்கொடிகிட்டே வந்தபோது, தண்ணீரில் ஓரவஞ்சனை இல்லை, தூளில் மட்டும் எதற்கு என்று மனசு கேட்டது. அன்று புகுந்த சனியன்தான்.

சித்திரையில் நீ மண் எடுத்துக்கொண்டு சிதம்பரம் போன மறுநாள், தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்த மிச்ச மூட்டைகளை அவிழ்த்தேன். கூடை கூடையாக நாலு பாத்திக்கும் விசிறி, அன்றைக்கே டிராக்டர் விட்டு ஓட்டிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை. எட்டும் ஒரே மாதிரி விளைந்தால் உனக்குத்தான் பெருமை என்று நினைத்தேன். பரீட்சை என்றால் எல்லோரும் பாஸாவதுதானே நல்லது என்று நினைத்த மடையன் நான். மூட்டை எங்கே என்று நீ கேட்டபோது, மழையில் இறுகிப்போய்விட்டது, கொட்டகைப் பாதையில் கொட்டிவிட்டேன் என்றேன். அது முதல் பொய்.

அதன் பிறகு இரண்டு வருஷம் நீயும் உன்கூட ஆராய்ச்சி செய்த ஜெயப்பிரகாஷும் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் அம்மாவின் மீன் பெட்டியைக் கழுவி, ஐஸ் நிரப்பி, பாத்தித் தண்ணீர் பாட்டில்களை அதில் அடுக்கி எடுத்துப் போவான். பாட்டிலில் வஞ்சிரம் வாசம் அடிக்கிறது என்று நீ சீண்டுவாய். கொழம்பு வச்சித் தரட்டுமா என்று அவன் கேட்பான். அந்தச் சிரிப்பெல்லாம் நம் வரப்பில்தான் கேட்டது. முடிவு மட்டும் வரவர, மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலக் காட்டுகிறது என்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

உன் புரொபசர் ராமாமிர்தம் ஐயா நம் வயலுக்கே வந்து நின்ற நாளை எப்படி மறப்பேன். மரியாதையாகத்தான் கேட்டார்: "பெரியவரே, வெள்ளக்கொடியில ஏதாச்சும் போட்டீங்களா? போட்டிருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடுங்க." சொல்ல வாயெடுத்தேன், காயத்ரி. அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்கப்பா தொடமாட்டாரு சார். எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாய். நீ அப்படிச் சொன்ன பிறகு நான் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? "இல்லீங்க" என்றேன். அது இரண்டாவது பொய்.

அவர் கார் போன பிறகு நீ ஜெயப்பிரகாஷைப் பார்த்துத் திரும்பினாய். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்றால் லேபிள்தானே மாறியிருக்க வேண்டும். லேபிள் ஒட்டியது அவன். நீ கேட்கக் கேட்க அவன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தான். நான் பத்தடி தூரத்தில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோசனமில்லை. அவன் என்னை "மாமா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பழகினீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடற்கரைப் பையன், நம் சனம் என்ன பேசும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் நடந்து போனபோது, போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

போன புதன்கிழமை கடலூர் முதுநகரில் ஜெயப்பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். சும்மா போகவில்லை. ஒரு சீப்பு பூவன் பழம், வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் மல்லி, எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லி, அவன் காலில் விழச் சொன்னால் விழுந்து, அவன் அம்மா வேலம்மாளிடம் உனக்காக அவனை நானே கேட்பது என்று போனேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று துணிந்துதான் போனேன்.

கதவைத் திறந்தது ஒரு பெண். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், வயிறு ஏழு மாதம். பெயர் ப்ரீத்தி. தை மாதம் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது. வேலம்மாள் ஓடி வந்து, "வாங்க வாங்க, காயத்ரி எப்படி இருக்குது? வளகாப்புக்குச் சொல்லணும்னு சொன்னேன், தம்பிதான் வேணாம்னுடுச்சு" என்றாள். நான் என்ன செய்வேன்? பையிலிருந்த பழத்தையும் பூவையும் எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்தேன். நன்றாக இரு அம்மா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் மேல் என்ன குற்றம்? உனக்கென்று வாங்கிய மல்லியை அவள் என் எதிரிலேயே தலையில் வைத்துக்கொண்டாள்.

இந்தச் சேதியை உனக்கு இப்படிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அழ வேண்டுமானால் அழுதுவிடு, அடக்கிவைக்காதே. கூடத் தங்கியிருக்கிற அந்த ஜான்சி இருந்தால் பக்கத்தில் இருக்கச் சொல்.

ஜெயப்பிரகாஷ் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். ஷிப்ட் முடிந்து வந்தவன் என்னைப் பார்த்ததும் "வாங்க சார்" என்றான். சார்! பஸ் ஏற்றிவிட வந்தவனிடம் ஜங்ஷன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆரம்பத்துல எடுத்த மண்ணு பாக்கெட்டெல்லாம் ஸ்டோர்ல இருக்கும். இப்ப வெள்ளக்கொடி மண்ண எடுத்து அதோட ஒப்பிட்டா, இந்தக் கல்லுல இருக்கிற டைட்டானியம் காட்டிக்குடுத்துடும். அது கரைஞ்சு போவாது. அவ ஆராய்ச்சி தப்பில்லன்னு சொல்லுங்க" என்றான். உனக்கு என்ன வேண்டும் தம்பி என்று கேட்டேன். "லேபிள் நான் மாத்தலன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "பாத்துப் போங்க மாமா" என்றான். சேத்தியாத்தோப்பு வரைக்கும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சிதம்பரம் போய் ராமாமிர்தம் ஐயாவிடம் எல்லாவற்றையும் என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "அந்தப் பொண்ண நான் நம்பாமப் போயிட்டனே" என்றார். என்னைச் சொன்னதைவிட அவரை அவரே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். பழைய மண் பத்திரமாக இருக்கிறதாம். ஆனால் புதிதாக மண் எடுத்துச் சோதித்து எழுதுவதை நீ வந்து செய்தால்தான் அது உன் ஆராய்ச்சி ஆகும், வேறு ஆளை விட எனக்கு இஷ்டமில்லை என்றார். முழுசும் மீளும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, அவள் பெயர் மீளும் என்றார்.

அம்மாவிடம் வியாழக்கிழமை மாலை சொன்னேன். "அந்தப் புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே ஒனக்கு எப்படிய்யா சோறு எறங்குச்சு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் தட்டு வருகிறது, பேச்சு வரவில்லை. வாய் ஓயாத மனுஷி. வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்.

ஊரெல்லாம் சம்பா நடவு முடிந்துவிட்டது. நம் எட்டுப் பாத்தியை மட்டும் நான் தொடவில்லை. புதுக் கொடி வாங்கிக் கட்டியிருக்கிறேன், மஞ்சள் நாலு, வெள்ளை நாலு. சுப்புராயன் வந்து, "இன்னா மச்சான், இப்ப எட்டையும் பட்டினி போட்டுட்டியா?" என்று கேட்டான். ஆமாம், என் மகள் வந்துதான் தொட வேண்டும் என்றேன்.

நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் என்று இனி யாரிடமும் சொல்லாதே. ஆராய்ச்சிக்கு நான் லாயக்கில்லை என்றும் சொல்லாதே. முதல் பேச்சை நம்பித்தானே இரண்டாவதற்கு வந்தாய்.

இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காது, தெரியும். பேச வேண்டாம். ஒரே ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன். கடிதம் கிடைத்தது, பிள்ளை உயிரோடு திடமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். இந்த வாரம் முழுக்கப் போன் என் சட்டைப் பையில்தான் இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. என்னுடையதை, உனக்கு மனசு வந்தால், அதோடு சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
சபாபதி