உரக்க 3.0

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மகளின் யூனிபோர்ம் காயவில்லை. அயன் பண்ணியே ஈரத்தை எடுத்தேன்.

பத்து மணிக்கு உரக்க 3.0ஐ பிறவுசரின் எக்ஸ்டென்ஷன் கேலரியில் ஏற்றினேன். பகல் சோற்றுக்கு முன் அனுமதி வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக ஒருநாளும் வந்ததில்லை.

மூன்று வருடமாக இந்த ஒரே எக்ஸ்டென்ஷன். பிறவுசரில் சேர்த்துவிட்டால் பக்கத்தில் உள்ள தமிழைப் பெரிதாக்கி, குரலில் வாசித்துக் காட்டும். பாவிப்பவர்கள் நானூறு சொச்சம். பாதிப்பேராவது பார்வை குறைந்தவர்கள். இதுவரை நான் பட்டியல் போட்ட செய்தித் தளங்களில் மட்டுமே வாசித்தது. இனி எல்லாத் தளத்திலும், படிவங்களிலும் கூட.

சுதர்சினிக்காகத்தான் அவசரப்பட்டேன். கோமாரி ஊர்ப் பிள்ளை. முகம் பார்த்ததில்லை, வொய்ஸ் மெசேஜில் மட்டும் பழக்கம். பெரிய எழுத்தைக்கூட மூக்கு உரசும் தூரத்தில் பிடித்தால்தான் தெரியும். ஆசிரியர் உதவியாளர் விண்ணப்பம் ஒன்லைனில். வெள்ளி பின்னேரம் நாலு மணியோடு முடிவு. போன முறை ஒரு கடையில் கொடுத்து நிரப்பியதில் பாடத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள், நேர்முகத்துக்கே கூப்பிடவில்லை. இம்முறை தன் கையால் நிரப்ப வேண்டும் என்கிறாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுக்கு அனுப்பினேன்: "புதுசு வந்திட்டு சுதா. நாளைக்கு லெப்டொப்பத் திறந்து பாருங்க."

இரவுச் சோற்றுக்குச் சூரை மீன் ஆணம். உப்புக் கூடிவிட்டது.

நவம்பர் 5, புதன்

சுபஹ் தொழுதுவிட்டு போனை எடுத்தேன். பதினொரு மெயில்.

உரக்க எல்லோரிடமும் நின்றுபோயிருக்கிறது. பழுது இல்லை. கூடுதல் அனுமதி கேட்டு அப்டேட் வந்தால், பிறவுசர் தானாகவே எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைக்கும். பாவிப்பவர் சம்மதம் என்று அழுத்தினால்தான் திரும்ப ஓடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை, நினைத்துப் பார்க்கவில்லை.

அவர்கள் கண்ட எச்சரிக்கை: நீங்கள் போகும் எல்லாத் தளத்திலும் உங்கள் தகவல் முழுவதையும் இது வாசிக்கலாம், மாற்றலாம். அதுவும் இங்கிலீஷில், குட்டி எழுத்தில்.

கேலரியில் ஒரு நட்சத்திரக் கருத்துகள் நாலு. ஒன்று: "களவு வேலை." இன்னொன்று: "இது வேற ஆக்களுக்குக் கைமாறிட்டு. ஒருத்தரும் வெச்சிரிக்க வேணாம்." இதே வசனம் ஒரு வாட்சப் குறூப்பிலும் சுற்றுகிறதாம்.

எட்டரைக்கு சுதர்சினியின் குரல்: "அக்கா, உரக்க கதைக்குதில்ல. என்னவோ பெட்டி ஒண்டு வருது. என்ன எழுதியிருக்கெண்டு எனக்குத் தெரியல்ல."

அழுத்த வேண்டிய பட்டனை வாசித்துக் காட்டுவது உரக்கதான். நிறுத்தப்பட்டிருப்பதும் அதுதான். வேறு வாசிப்பான் எதுவும் அந்தப் பழைய லெப்டொப்பில் ஓடாது. வீட்டில் தாய் மட்டும், இங்கிலீஷ் தெரியாது.

கோல் எடுத்தேன். மேலே வலப்பக்கம், அதற்குக் கீழே, இல்லை இன்னும் கீழே என்று இருபது நிமிடம். இடையில் அவள் நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா? குறூப்புல ஒரு அண்ணன் சொன்னார். நான் எழுதுற எல்லாத்தையும் நீங்க பாக்கலாமாமே."

பாக்கிறதில்லை என்றேன். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

"பாக்கிறதில்ல, சரி. பாக்கலாமா?"

"நான் அப்பிடி எழுதியிருந்தா பாக்கலாம். எழுதல்ல சுதா."

பிறகு, "அம்மா கூப்பிடுறா அக்கா, பிறகு எடுக்கிறன்." எடுக்கவில்லை.

3.1 எழுதினேன். பழைய பட்டியல் மட்டும்; புதுத் தளம் வேண்டுமானால் அந்த நேரம், அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கேட்கும். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம். மூன்று மணிக்கு ஏற்றியாயிற்று. நிலை: பரிசீலனையில்.

நவம்பர் 6, வியாழன்

பரிசீலனையில். பரிசீலனையில். சோறு வடிக்கும்போதும் போன் கையில். கஞ்சி விரலில் ஊற்றிக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்கு நிராகரிப்பு. காரணம்: தகவல் பாதுகாப்புப் பக்கத்தின் இணைப்பு திறக்கவில்லை. உண்மைதான். இலவசத் தளத்தில் வைத்திருந்தேன், எப்போது மூடினார்களோ தெரியாது. உங்கள் எதையும் நான் எடுப்பதில்லை என்று எழுதிவைத்த பக்கமே இல்லாமல் போயிருக்கிறது. யாரும் என்னை நம்பாததில் என்ன பிழை?

புதிய பக்கம் எழுதும் நடுவில் கரண்ட் போனது. பின்னேரம் வந்தது. திரும்ப ஏற்றினேன். முன்பு அரை நாளில் வந்தது, இப்போது சில நாட்கள் ஆகலாம் என்று காட்டுகிறது.

என் வீட்டுக்காரர் ஜவாத் கடையிலிருந்து வந்தார். முகம் சரியில்லை.

"கடைக்கு வந்த ஒராள் கேக்கிறார், உங்கட வீட்டுக்காறி செஞ்ச சாமானால ஆக்கள்ட விஷயமெல்லாம் வெளிய போகுதாமே எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லயெண்டு சொன்னன். இல்லதானே?"

அவரும் கேட்கிறார். கோபப்பட முடியவில்லை. அழுகைதான் வந்தது, குசினிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து, "அந்தப் புள்ளட விஷயம் என்னாகிற?" என்றார்.

"போகப்போறன், நாளைக்கு."

"ஜும்ஆ முடியட்டும், பைக்ல கொண்டு போய் விடுறன்."

"நாலு மணிக்கு முடியிற மச்சான். நான் பஸ்ல போறன்."

சுதர்சினிக்கு மெசேஜ்: வரலாமா? ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "வாங்க அக்கா." வேறு ஒன்றுமில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அக்கரைப்பற்றில் இறங்கி பொத்துவில் பஸ். திருக்கோவிலுக்குப் பிறகு வெள்ளம், பஸ் ஊர்ந்தது. பதினொன்றரைக்குக் கோமாரி. தென்னைக்கு நடுவில் தகரம் போட்ட வீடு. வாசலில் நின்று என் குரலுக்குக் காத்திருந்தாள். நான் நினைத்ததைவிட உயரம்.

"பஸ்மினாக்காவா?"

"ஓம் சுதா."

கையைப் பிடித்தாள். அவள் அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு அங்கேயே நின்றார். நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கத்தான்.

லெப்டொப்பில் அந்தப் பெட்டி அப்படியே. "நீங்க சொன்னா இப்ப அமத்தி விடுறன். உரக்க வேல செய்யும்," என்றேன்.

"வேணாம் அக்கா. குறை நினைக்காதீங்க. இண்டைக்கு நீங்களே வாசிங்க, நான் அடிக்கிறன்."

வாசித்தேன். அவள் தட்டினாள், என்னைவிட வேகமாக. முழுப்பெயர். பிறந்த திகதி. அடையாள அட்டை. பரீட்சைப் பெறுபேறுகள், அதில் ஒரு பாடம் இரண்டாம் தரம் எழுதியது. தகப்பன் பெயருக்குப் பிறகு 'காலமானவர்' என்று சேர்த்தாள். திரும்பி என் பக்கம் முகத்தை வைத்து, "இப்ப எல்லாம் பாத்திட்டீங்க," என்றாள். சிரித்தாளா என்று விளங்கவில்லை.

அடுத்த கேள்வி: உடற்குறைபாடு உண்டா? ஆம், இல்லை.

விரல் நின்றது.

"ஓம் எண்டு போட்டா எடுப்பாங்களா அக்கா?"

"எனக்குத் தெரியா."

"போன தரம் கடைக்காரன் கேக்காமலே இல்லையெண்டு போட்டவன். அதுதான் நல்லமெண்டு சொன்னவன்."

அவள் அம்மா, "இல்லையெண்டே போடு புள்ள," என்றார். எனக்கும் ஏதோ சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ஆம் எது அக்கா, மேலயா கீழயா?"

"மேல."

அழுத்தினாள்.

சான்றிதழ் ஏற்றும்போது தளம் இரண்டு தரம் தொங்கியது. சிக்னல் ஒரு கோடு. என் போனை ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தோம். மூன்று பத்துக்கு விண்ணப்ப இலக்கம் வந்தது. மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். நாலாம் முறை அவளே பாடமாய்ச் சொன்னாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "சாப்பிட்டுப் போங்க மகள், மரக்கறிதான்," என்றார். சாப்பிட்டேன். அஸரை அங்கேயே தொழுதேன், அம்மா பாய் விரித்துத் தந்தார்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பாய், தலையணை எல்லாம் வெளியில்.

3.1 நேற்று வெளிவந்தது. யாருக்கும் எச்சரிக்கை வரவில்லை, தானாகவே ஓடுகிறது. ஆனால் நூறு பேருக்கு மேல் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வழியில்லை. மாற்றக் குறிப்பில் நடந்ததை எழுதினேன். 'தவறு நடந்துவிட்டது' என்று முதலில் எழுதி, அழித்து, 'நான் கேட்காமல் செய்தேன்' என்று போட்டேன்.

பின்னேரம் கேலரியில் சுதர்சினியின் கருத்து மாறியிருந்தது. முந்தி ஐந்து நட்சத்திரம். இப்போது மூன்று.

"நல்ல சாமான். இப்ப ஒவ்வொரு இடத்திலயும் கேட்டிட்டுத்தான் வாசிக்குது. முதலே கேட்டிருக்கணும். செஞ்ச அக்காவ எனக்குத் தெரியும்."

ஜவாதுக்கு வாசித்துக் காட்டினேன். "மூணுதானா?" என்றார்.

கீழே பதில் எழுதும் கட்டம் திறந்தபடி இருக்கிறது. 'ஓம்' என்று மட்டும் அடித்திருக்கிறேன்.