மச்சாண்டார் கேட்ட தண்ணீர்

வெள்ளிக்கிழமை, இரவு.

நான் நர்ஸாக இருக்கும் வார்டுக்கு இன்று கால் முறிந்து வந்தவர் என் மச்சாண்டார். வேதக்காரனுக்கு இங்கே இடமில்லை என்று, கிறிஸ்தவரான என் கணவர் இறந்தபோது குடும்பத் தோட்டத்தில் புதைக்கவிடாத அவருடைய சொந்த அண்ணன். நான் முகக்கவசம் போட்டிருந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"அம்மணி, கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி."

காதில் விழாததுபோல் கடந்து போனேன். மறுபடியும் கூப்பிட்டார். திரும்பி வந்து முகக்கவசத்தை இறக்கினேன்.

"நானேதானுங்க."

தண்ணிக்கு நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். எனக்கு இனித்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். ஜெபம் வரவில்லை. இயேசுவே, உம்மோடு ஒட்டியிருக்கத்தான் ஆசைப்படுகிறேன். என்னை விட்டுவிடாதேயும். ஆனால் அந்த மனுஷனை மன்னிக்கச் சொல்லி இன்றைக்கு மட்டும் என்னைக் கேட்காதேயும்.