கடிகாரத்துக்குத் தெரிந்த ஒரே பத்து மணி

மயாமி
17 மே 1979

அன்பு மகள் இடால்மிஸுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். நான் உயிரோடு இருக்கிறேன். இடது காது கேட்பதில்லை, உடைந்த இரண்டு விலா எலும்பும் ஒட்டிக்கொண்டு வருகின்றன, மற்றபடி குறையில்லை. இதை நீ ஹவானா விமான நிலையத்தின் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று படிப்பாய் என்று தெரியும். உள்ளேயிருந்து வருகிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்காதே, நான் வரவில்லை. பத்து மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வந்தவன் பதினெட்டு வருஷம் கழித்து இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் போனால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. காரணத்தை நீட்டி முழக்காமல் சொல்கிறேன். தபாலில் போட்டால் உங்கள் பக்கமும் பிரிப்பார்கள் எங்கள் பக்கமும் பிரிப்பார்கள், அதனால் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொடுத்த அம்மாளின் பெயர் மிக்டாலியா. ஊன்றுகோல் வைத்திருப்பார். முதலில் அவரை எங்காவது உட்கார வை, பிறகு மீதியைப் படி.

ஜனவரியிலிருந்து இந்த ஊர் குத்துச்சண்டை மேடையாக இருக்கிறது. வெளியேறிப் போனவர்கள் வந்து சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உங்கள் அரசாங்கம் அறிவித்ததா, வாஷிங்டன் உங்களோடு முழு உறவு வைத்துத் தூதரகம் திறக்கலாமா கூடாதா என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. தெருவில் நின்றபடியே காபி வாங்கிக் குடிக்கும் கடை ஜன்னலில் என் கண் முன்னால் நடந்தது ஒன்று. என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு, நான் போறேன், எவன் கேக்குறது என்றார் ஒருவர். பக்கத்தில் நின்றவர், போ போ, அங்க இருந்தப்ப புழுன்னு காறித் துப்புனாங்க, இப்ப பை நிறைய சாமானோட போனா வண்ணத்துப்பூச்சின்னு கொஞ்சுவாங்க என்று சொல்லி, கொதிக்கிற காபியை அவர் முகத்தில் வீசினார். வெந்த முகத்தோடு அவர் சர்க்கரை ஜாடியை எடுத்து இவர் மண்டையில் உடைத்தார். இரண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அந்த வாரம் இப்படி ஐந்து பேருக்குத் தையல். மறு வாரம் குண்டு வெடித்து ஒரு சுருட்டுக் கடையின் முன்பக்கம் காணாமல் போனது, முதலாளி உறவு வைக்கலாம் என்று பேசியவர். நான் வேலை பார்க்கும் வானொலி நிலையத்தில் தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் இதே விவாதம், யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் பேசலாம். ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார்ந்து கெட்ட வார்த்தையை வெட்டுவது என் வேலை. பிப்ரவரியில் வெட்டி வெட்டி விரல் வலித்தது.

நான் பிப்ரவரியிலேயே என் காகிதங்களை மிக்டாலியா அம்மாவின் பயணச்சீட்டுக் கடையில் கொடுத்துவிட்டேன். பெரியப்பாவிடமும் சொன்னேன், ஒளித்து வைக்கும் பழக்கம் எனக்கில்லை. உன் பெரியப்பா எவாரிஸ்தோவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அறுபத்தொன்றில் உங்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்க வந்த படையோடு கடற்கரையில் துப்பாக்கியோடு இறங்கிப் பிடிபட்டு இருபது மாதம் உங்கள் சிறையில் இருந்தவர். காவலாளி துப்பாக்கிக் கட்டையால் இடித்ததில் மேல் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. இங்கே வந்து ஹோட்டலில் தட்டு கழுவி என்னைத் தொழிற்கல்லூரியில் படிக்க வைத்தார், அதையும் மறைக்க மாட்டேன். நான் போகிறேன் என்றதும், டேய், உன் சொந்த மகளைப் பாக்க அந்த அரசாங்கத்துக்கு நீ பணம் கட்டணுமா, அது டிக்கெட் இல்லடா, பிணைக்கைதிக்குக் கட்டுற பணம், நீ கட்டுற ஒவ்வொரு டாலருக்கும் அங்க ஒரு பூட்டு வாங்குவான் என்றார். அண்ணா, பதினெட்டு வருஷம் பேசாமலே இருந்தோமே, அவங்க சுவத்துல ஒரு செங்கல் விழுந்துச்சா என்று கேட்டேன். விழும், உன்ன மாதிரி ஆளுங்க முட்டுக் கொடுக்காம இருந்தா விழும் என்றார். இப்போதும் சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதி நியாயம்.

இனி முக்கியமானது. நிலையத்தின் பின்னறையில் எனக்கு ஒரு வேலை மேசை உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து ஆட்கள் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள், படகு ரேடியோ, பாட்டரி, ஒயர் அறுந்த ஏதோ ஒன்று. போராட்டத்துக்கு என்பார்கள். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் இங்கே யாரும் எதற்கென்று கேட்பதில்லை. கேட்டால் உளவாளி. டாக்டர் ஊசி போடுவார், தையற்காரர் சீருடை தைப்பார், கேட்க மாட்டார்கள், நானும் கேட்டதில்லை. பெரியப்பா பிப்ரவரி கடைசியில் ஒரு பழைய கடிகாரத்தைக் கொண்டுவந்தார். படகில் தண்ணீர் இறைக்கும் பம்பு குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டும், போராட்டத்துக்கு என்றார். முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். அடியில் வைக்கும் பித்தளைத் தகட்டின் ஒரு மூலையை அரத்தால் தேய்த்து விடுவது என் வழக்கம், அதையும் செய்தேன்.

மார்ச் ஒன்பது, வெள்ளிக்கிழமை, காலை. டிக்கெட் தயார் என்று மிக்டாலியா அம்மா கூப்பிட்டிருந்தார். தெருவைக் கடக்கக் காத்து நின்றேன். கடைக் கண்ணாடிக்கு உள்ளே அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்புறம் கண்ணாடி இல்லை, கடை இல்லை. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, நெஞ்சில் யாரோ பலகையால் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடினேன். இரும்பு மேசை அவர் மேல் கவிழ்ந்து கிடந்தது, அதைப் புரட்டினால் வலது முழங்காலுக்குக் கீழே தொங்குவதைக் கால் என்று சொல்ல முடியாது. என் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினேன், ரத்தத்தில் கை வழுக்கி மூன்று தடவை கட்ட வேண்டியிருந்தது. அவர் மயங்கவில்லை. எலாடியோ, உன் டிக்கெட் இழுப்பறையில இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு நடைபாதையில் கண்ணாடித் தூளுக்கு நடுவே ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. ஒரு மூலை தேய்ந்திருந்தது.

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார். தகட்டைத் தட்டில் போட்டேன். பார்த்தார். ஆள் இருக்கக்கூடாதுன்னுதான்டா ராத்திரி பத்துக்கு வச்சோம், காலையில ஒருத்தன் பையை நாற்காலிக்குப் பின்னால வச்சுட்டு வந்தான், ராத்திரி கடை பூட்டியிருக்கும், வெறும் கட்டடம்தான் போகும் என்றார். அந்தக் கடிகாரத்துக்கு ராத்திரி பத்து, காலைப் பத்து என்றெல்லாம் கிடையாது இடால்மிஸ், ஒரே ஒரு பத்துதான் தெரியும். காலை ஒன்பது மணிக்குக் கொண்டுபோய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அந்தப் பத்து வந்துவிடும். பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்னு நீ ஏன்டா சொல்லல என்று என்னைக் கேட்டார். பம்புக்கு அதைச் சொல்லி என்ன, இது உண்மையில எதுக்குன்னு நீ ஏன் சொல்லல என்று நான் கத்தினேன். நீ ஏன் கேக்கல என்றார். அதைக் கேட்டதும் அடித்தேன். நாற்காலி உடைந்தது, அவருடைய பொய்ப்பல் செட் தரையில் விழுந்து நொறுங்கியது, அவர் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அண்ணி வாளித் தண்ணீரை எங்கள் மேல் ஊற்றினாள், நாய்ச் சண்டையைப் பிரிப்பதைப் போல. வாசலில் அவர் பல்லில்லாத வாயோடு சொன்னது இன்னும் கேட்கும் காதில் இருக்கிறது: வெளிய சொன்னா நீ என் தம்பி இல்லை, அவங்க உன்ன விட்டுவைக்கவும் மாட்டாங்க.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை, அதற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. பிறகு ஒரு நாள் விவாதத்தில் ஒருவர் தொலைபேசியில் வந்து, அந்தக் கடைக்காரிக்கு இன்னொரு கால் பாக்கி இருக்கே, கம்யூனிஸ்டுக்கு ஆள் ஏத்துறவளுக்கு அதுவும் வேணாம் என்று சிரித்தார். அறிவிப்பாளரும் கூடச் சிரித்தார். வெட்டுவது என் வேலை. வெட்டவில்லை. என் பக்கத்து மைக்கைத் திறந்து, அந்தக் கடிகாரத்தைச் செய்தவன் நான், என் பேர் எலாடியோ, எதுக்குன்னு கேக்காம செஞ்சு கொடுத்தேன், கேக்காம இருக்கிற எல்லாரும் இதைக் கேட்டுக்குங்க என்று சொல்லிவிட்டேன். நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் வண்டி நிறுத்துமிடத்தில் நான்கு பேர் காத்திருந்தார்கள். இரும்புக் கம்பி ஒன்று, மற்றதெல்லாம் பூட்ஸ் கால். காதும் விலாவும் அப்போது போனவை. ஒருவன், நம் நாட்டுக் கேமாகுவே பக்கத்துப் பேச்சுக்காரன், உதைக்கும்போதெல்லாம் இது போராட்டத்துக்கு, இது போராட்டத்துக்கு என்று எண்ணிக்கொண்டே உதைத்தான்.

போலீஸ் மருத்துவமனைக்கே வந்தது. யாருக்குச் செய்து கொடுத்தாய் என்று கேட்டார்கள், சொன்னேன். பெரியப்பாவை மறுநாள் பிடித்துவிட்டார்கள். அவரை முதலில் அடைத்தது உங்கள் அரசாங்கம், இரண்டாவது தடவை அடைத்தது நான். ஜூன் பதினொன்றில் வழக்கு. நீதிபதி என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், அதுவரை ஊரை விட்டு அசையக் கூடாது, அதற்குப் பிறகு எனக்கே சிறையா இல்லையா என்பதும் தெரியாது. நான் வராததன் காரணம் இதுதான். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்போது உன் எதிரில் நின்றிருப்பேன். அதை நினைக்காத நாள் இல்லை, ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்க மாட்டேன்.

நான் உன்னைவிடப் பத்தொன்பது வயதுதான் மூத்தவன், உபதேசம் செய்ய வராது. பாலிடெக்னிக்கில் சேர்ந்திருப்பதாக எழுதினாய், நல்லது. கை சுத்தமாக வேலை செய்யக் கற்றுக்கொள், ஆனால் உன்னிடம் எதைச் செய்யச் சொன்னாலும், யார் சொன்னாலும், எந்தக் கொடியின் பெயரால் சொன்னாலும், எதற்கு என்று கேள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தூதரகம் திறக்கட்டும், திறக்காமல் போகட்டும், இங்கே இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். திறக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி, உங்கள் அரசாங்கத்தைப் பிடித்துப் போனதால் இல்லை, நூறு மைல்கூட இல்லாத ஒரு கடலைத் தாண்ட இத்தனை ரத்தம் ஆகக் கூடாது என்பதால்.

மிக்டாலியா அம்மா எடை வரம்புக்குப் பயந்து மூன்று பாவாடையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, இரண்டு தொப்பியும் வைத்துக்கொண்டு வருகிறார். மேல் இரண்டு பாவாடை உனக்கு, சிறிய தொப்பி அம்மாவுக்கு. பையில் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை ஆறு மாதத்துக்கு இருக்கிறது, அக்கம்பக்கத்தில் பங்கு போடச் சொல்லாதே. அவரை மாடிப்படி ஏற விடாதே, காயம் இன்னும் முழுக்க ஆறவில்லை. மைக்கில் சொன்ன பிறகு, மருத்துவமனையில் அவர் கட்டிலருகே போய் நான் நேரில் உண்மையைச் சொன்னபோது எவர்சில்வர் ஜக்கால் என் புருவத்தைப் பிளந்தவர் அவர். போன வாரம் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போறேன், அந்தக் கடையிலிருந்து ஒருத்தியாவது அந்த விமானத்துல ஏறணும், உன் பிள்ளைக்குக் கடிதம் இருந்தா கொடு, ஆனா என் காலைப் பத்தி அதுல இருக்கணும், மழுப்பினா நானே சொல்வேன் என்றார். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன், அவர் பிரித்துப் பார்க்கிறவர் இல்லை. நீ படித்து முடித்ததும் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார், எழுதியிருக்கானா என்று. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, எழுதியிருக்கிறார் என்று சொல். பிறகு என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அதை அவரிடமே சொல்லி அனுப்பு, கேட்டுக்கொள்கிறேன்.

கன்னி மாதா உன்னையும் அம்மாவையும் காக்கட்டும். நீண்ட ஆயுளோடு இரு மகளே.

உன்னைப் பார்க்க வராத அப்பா,
எலாடியோ