மோதிரத்துக்குள் ஒரு பகா எண்

ஜனவரி 14
பாத்திரம் தேய்க்கையில் மோதிரம் மறுபடியும் கழன்று விழுந்தது. கீமோ தொடங்கியதிலிருந்து விரல்கள் குச்சியாகிவிட்டன. நகைக்கடை பெல்கோனென், "கொஞ்சம் வெட்டிட்டு ஒட்டணும்மா. உள்ள இருக்கற நம்பர்ல கடைசி ரெண்டும் போயிடும், பரவாயில்லையா?" என்றார். வெளியே பனியில் ஆர்விட் காரோடு காத்திருந்தார். சரி என்றுவிட்டேன்.

ஜனவரி 17
சரி என்றிருக்கக் கூடாது.
ஊரில் மற்றவர்கள் மோதிரத்தில் பெயர் பொறிப்பார்கள். எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் ஆர்விட் 73939133 என்று பொறித்தார். "இது பகா எண், டோரீன். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது. நம்மள யாரும் பிரிக்க முடியாது." அன்று விழுந்து விழுந்து சிரித்தேன்.
இப்போது மிச்சம் 739391. வாலை வெட்டியபின் அது பகா எண்ணாகவா இருக்கும்? அவரிடம் எந்த முகத்தோடு சொல்ல?

ஜனவரி 28
மருந்து ஏறும் நாற்காலியில் கால்குலேட்டரும் கையுமாக நான். 7 — மீதி வருகிறது. 11, 13, 17... ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுக்கிறேன். 859 வரை போனால் போதும், அதற்குள் அகப்படாதது பிறகும் அகப்படாது. வாத்தியாரோடு குடித்தனம் நடத்தியதில் இதாவது ஒட்டியிருக்கிறதே.
நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "வருமான வரிக் கணக்கா?"
"கல்யாணக் கணக்கு."

பிப்ரவரி 11
401 வரை. வாயெல்லாம் புண். எண் உடையவில்லை. அது உடையாவிட்டால் நானும் பிழைப்பேன் என்று மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. பைத்தியமா எனக்கு?

பிப்ரவரி 18
டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "பொறுத்துப் பார்க்கலாம்" என்றார்.

பிப்ரவரி 25
859. மீதி 651. உடையவில்லை. நாற்காலியிலேயே அழுதேன்.
திரும்பும் வழியில் ஆர்விடிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏரிக்கரையில் காரை நிறுத்தினார்.
"கடைசி இலக்கம் மூணு, அதை எடுத்தாலும் பகா எண்தான். இன்னொண்ணு எடு, அப்பவும்தான். இப்படியே வெட்டிக்கிட்டே போ, முன்னாடி இருக்கற ஏழு மட்டும் மிஞ்சற வரைக்கும். எவ்வளவு வெட்டினாலும் உடையாது. அதான் அதைத் தேடிப் பிடிச்சேன்."
"நாப்பது வருஷமா ஏன் சொல்லல?"
"கணக்குன்னு வாயெடுத்தாலே கொட்டாவி விடுவியே."
"பாவி மனுஷா, நூத்தம்பது தடவ வகுத்தேன்."
என் விரல்களைத் தன் கையுறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபர் 9
மோதிரம் விரலில் ஏறவில்லை. பெல்கோனென் ஒரு துண்டுத் தங்கம் சேர்த்துப் பெரிதாக்கினார். "இந்த வெறும் இடத்துல எதாவது போடணுமா?"
ஆர்விட் முந்திக்கொண்டார். "மூணு. பக்கத்துல இன்னொரு மூணு."
பிறகு கடைத்தெரு ஓட்டலில் நான் இரண்டாவது துண்டு புளூபெர்ரி கேக்குக்குக் கை நீட்டியபோது சொன்னார்: "இதுக்கு மேல கடைசில எந்த இலக்கத்தைச் சேத்தாலும் அது பகா எண்ணா இருக்காது. அதனால இந்தச் சுற்றளவோட நிறுத்திக்க."
அதையும் சாப்பிட்டேன்.