முகட்டுக்கு மேற்கே

அம்மாவின் வீட்டுக் கூரையில் மேற்குச் சரிவின் ஓடுகளை நேற்றுத்தான் சுரண்டி முடித்தேன். இருமுறை சவர்க்காரம் போட்டும் காய்ந்த பாசியின் மணம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கையால்தான், நண்பா, உனக்கு எழுதுகிறேன். நீ இறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன.

இந்த வேலையின் விதிகளை நாம் இருவரும் சேர்ந்தே வகுத்தோம். மாரிக்கு முன், புரட்டாதியில், பாசி காய்ந்திருக்கும்போது மட்டுமே தொட வேண்டும். முகட்டிலிருந்து கீழ்நோக்கித்தான் தேய்க்க வேண்டும். மேல்நோக்கித் தேய்த்தால் ஓட்டின் இடுக்கில் குப்பை ஏறும். மேற்கே வாவிப் பக்கம் சேற்று நிலம், ஏணி நிற்காது. ஆகவே முகட்டைத் தாண்டித்தான் மேற்கே இறங்க வேண்டும். நான் இவற்றைத் தாளில் எழுதியபோது நீ சிரித்தாய். "மச்சான், பாசிக்கும் சுற்றறிக்கை அனுப்புவாய் போல கிடக்கு."

எனக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தபோது நீயே பொறுப்பேற்றாய். "நீ போ. அம்மாட தலையில ஒரு சொட்டு விழாது." ஆண்டுதோறும் கைபேசிக்குப் படம் வந்தது: சிவந்த ஓடுகள், அன்டெனாவில் சிக்கிய கிழிந்த பட்டம்.

மூன்றாம் மாரியில் அம்மா அழைத்தார். "மனே, மேற்கு அறைக்குள்ள ஒழுகுது." உன்னைக் கேட்டேன். "ஓடெல்லாம் பளிச்செண்டு கிடக்கு. வயசு போனா அப்பிடித்தான் தோணும்" என்றாய். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். படம் இருக்கிறது என்றும் சொன்னேன். அதன்பின் அவர் ஒழுக்கைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டிலை மட்டும் மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இவ்வாண்டு மாற்றலாகி வந்து ஏறிப் பார்த்தேன். வீதிக்குத் தெரியும் கிழக்குச் சரிவு சுத்தம். முகட்டுக்கு மேற்கே விரல் தடிப்பில் பாசி, ஓடுகளையே கிளப்பியிருந்தது. ஓடு தாங்கும் கைமரமொன்று பிடித்த கையில் உதிர்ந்தது. இறங்கி உன் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே பட்டம், அதே கிழிசல்; ஒரே படத்தை நான்கு முறை அனுப்பியிருக்கிறாய். கையொப்பம் பிசகினால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவன் நான். உன்னுடையதை மட்டும் பார்க்காமலே ஏற்றிருக்கிறேன்.

உன் மனைவியைக் கேட்டேன். "அவருக்கு உயரத்தில தலை சுத்தத் தொடங்கிட்டு அண்ணன். முன்பக்கத்த ஏணில நிண்டு, தடியில தேங்காத் தும்பு கட்டித் தேய்ப்பார். உங்களிட்டச் சொல்லச் சொன்னனான். 'சொன்னா அவன் வேற ஆளப் போட்டிருவான்' எண்டவர்."

ஓம், போட்டிருப்பேன். அதனால் நம் நட்பு முறிந்திருக்குமா? நீ ஏற முடியாமல் போனதை மன்னிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். என் வாயைக் கொண்டே என் தாயின் வாயை அடைத்தாயே, அதை மன்னிக்க இன்னும் முடியவில்லை.

கைமரத்தை மாற்றிவிட்டேன். இன்று பின்னேரம் மழை பிடித்தது. நான் கேட்கும் முன்பே அம்மா சொன்னார்: "ஒழுகல்ல மனே. நீ உன்ட வேலையப் பார்."

ஒழுகினாலும் இனி அப்படித்தான் சொல்வார். அவர் அடுப்படிக்குப் போனதும் அந்த அறைக்குள் சென்று, மெத்தையின் நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அடுத்த மழைக்கும் அழுத்திப் பார்ப்பேன்.