கோடு போட்ட கட்டம்

அக்டோபர் 4

வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இந்த ஆண்டிலிருந்து காகிதப் படிவம் வாங்க மாட்டார்களாம். மாதக் கடைசிக்குள் கணினி வழியாக மட்டும். கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதையேதான் சொன்னது.

செய்ய வேண்டியவை:

1. வரிக் கணக்கு போடும் மென்பொருள்களில் பலரும் பயன்படுத்தும் மூன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றைத் தேர்வு செய்வது.
2. மூன்றிலும் அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது. என்னுடையது வெறும் ஓய்வூதியம்; ஒரே வரியில் முடிந்துவிடும். அக்காவுக்கு, காலமான மாமாவின் ஓய்வூதியத்தில் பாதி, ஒரு கடை வாடகை, வங்கி வட்டி என்று மூன்று வழி உண்டு. சோதனைக்கு அதுதான் ஏற்றது.
3. நான் கையால் போடும் கணக்கே அளவுகோல். அதோடு ஒத்துப்போகாததைத் தள்ளிவிடுவது.
4. அக்காவிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பதினொரு வருடமாக நான்தான் அவள் படிவத்தை நிரப்புகிறேன். பழைய நகல்களே போதும்.
5. இருபதாம் தேதிக்குள் முடிப்பது.

மனைவி எட்டிப் பார்த்து, “பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீங்க இவ்ளோ யோசிக்கலையே,” என்றாள். யோசித்தேன். அவளிடம் சொன்னதில்லை.

அக்டோபர் 5

மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் சுற்றியது. அது புதிதானபோது நான் களைத்திருந்தேன்.

அக்டோபர் 7

முதல் மென்பொருள். திரை முழுக்க நீலம். எனவே நீலம் என்றே குறித்துக்கொள்கிறேன். எழுத்து எறும்பு மாதிரி. போன ஆண்டுப் படிவத்தின் படத்தை ஏற்றச் சொன்னது. ஏற்றினேன். என் கோடுகள் உட்பட அப்படியே எடுத்துக்கொண்டது.

கோடு என்பது பழைய வேலையிலிருந்து வந்த பழக்கம். புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு அட்டவணை சரிபார்த்தவன் நான். எந்தக் கட்டத்தையும் வெற்றாக விடக்கூடாது. ‘இல்லை’ என்றால் கோடு. ‘விசாரிக்கவில்லை’ என்றால் இரண்டு புள்ளி. காய்கறிப் பட்டியலில்கூடக் கோடு போடுகிறேன் என்று மனைவி சொல்வாள்.

நீலத்தின் விடையும் என் கைக்கணக்கும் ஒன்று. நிம்மதி. ஆனாலும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். அது செய்த தப்பையே நானும் செய்திருந்தால்?

அக்டோபர் 9

இரண்டாவது, பச்சை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ‘அருமை’ என்கிறது. பிறந்த தேதியைச் சரியாக எழுதியதற்கும் ‘அருமை’. முப்பத்தாறு ஆண்டில் என்னிடம் யாரும் இத்தனை முறை சொன்னதில்லை.

விடை அதேதான். எழுத்து பெரிது, வேகமும் அதிகம். பச்சையே போதும் என்று படுகிறது. ஆனால் மூன்று என்று எழுதிவைத்துவிட்டேன்.

அக்டோபர் 11

மூன்றாவதற்கு நிறம் வைக்க முடியவில்லை. கேள்விக்காரன் என்று வைத்திருக்கிறேன். பழைய படிவத்தை ஏற்றிக்கொள்ளாது. திரைக்கு ஒரு கேள்வி. கீழே ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான். பதில் சொல்லாமல் நகர விடாது.

இருபத்து மூன்றாவது கேள்வி: ‘இவருக்குக் கேட்கும் திறன், பார்வை, நடை ஆகியவற்றில் நிரந்தரக் குறை உண்டா?’

காகிதப் படிவத்திலும் இந்த வரிசை இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதில் கோடு போட்டிருக்கிறேன். கை ஒரு நொடி நின்றதில்லை. இன்று ‘இல்லை’ என்பதன் மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்த வரவில்லை.

அக்காவுக்குப் பதினொரு வயதில் ஒரு காய்ச்சல். இடது காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் நாளைக்கு வரன் வராது, வீட்டிலும் யாரும் அதைப் பேசக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எல்லாரும் அவள் வலப்பக்கம்தான் உட்காருவோம், வலப்பக்கம்தான் நடப்போம். வரன் வந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள், மாமாவும் போய்விட்டார். இன்னும் வலப்பக்கம்தான் உட்காருகிறோம்.

வலது காதும் பத்துப் பன்னிரண்டு வருடமாக மங்கிவருகிறது. அவள் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தமே சொல்லும். ஒரு முறை அவள் அலமாரியில் காதுக் கருவிப் பெட்டி கண்ணில் பட்டது. நான் திருடனைப் போலக் கதவைச் சாத்தினேன்.

சோதனை என்றால் இரண்டு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். ‘இல்லை’ என்றால் என் கணக்கோடு ஒத்துப்போகிறது. ‘ஆம்’ என்றால் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறது. வரி பாதிக்கும் கீழே இறங்குகிறது.

மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12

கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டு போடுவதுதான் கோடு. நான் கேட்கவே இல்லையே. இரண்டு புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் பதினொரு கோடு.

வீடு வீடாகப் போகாமல் ஒரு தெரு முழுக்கக் கோடு போட்டுக் கொண்டுவந்த கணக்கெடுப்பாளர் ஒருவரை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியவன் நான். அவர் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது: “கேட்டா சங்கடப்படுவாங்க சார்.”

அக்டோபர் 13

திறக்கவில்லை.

அக்டோபர் 15

விதிகளைப் படித்தேன். பழைய கணக்குகளில் கடைசி மூன்று ஆண்டுகளை மட்டும் திருத்தலாம். மீதி எட்டு ஆண்டு போனது போனதுதான்.

பச்சையில் போட்டு அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. அது ‘அருமை’ என்றுகூடச் சொல்லும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது?”

“வலது பக்கமா உக்காந்து சொல்லுங்க.”

அக்டோபர் 18

அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று மாடி. எழுபத்து மூன்று வயதில் ஒவ்வொரு மாடியிலும் நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்க நல்ல சாக்கு கிடைக்கிறது.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் திட்டம். அவள் கண்ணாடி பழுது பார்க்கப் போயிருந்தது. “நீயே படிடா,” என்றாள்.

வலப்பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். “என்னது?” கொஞ்சம் உரக்கப் படித்தேன். “வாயைத் திறந்து படி. பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் முணுமுணுத்து அடி வாங்குவ.” கடைசியில் கத்தியேவிட்டேன்: “உனக்குக் காது கேக்காதுன்னு நான் எழுதவே இல்லக்கா!”

எதிர் ஜன்னலில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். அறுபத்தேழு வருடம் வீட்டுக்குள்கூடச் சொல்லாததைத் தெருவுக்கே சொல்லியாயிற்று.

“அந்தம்மாவுக்குத் தெரியும்டா,” என்றாள் அக்கா. “கடைக்காரனுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். நான்தான் சொல்லி வெச்சிருக்கேன், இந்தப் பக்கமா வந்து பேசுன்னு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றதில்ல.”

“ஏன்?”

“எல்லாரும் அவ்ளோ பாடுபட்டு மறைக்கறீங்க. நான் போய் எதுக்குக் கெடுக்கணும்?”

எட்டு ஆண்டு விஷயத்தையும் கத்தித்தான் படித்தேன். தொகை கேட்டாள், சொன்னேன். எழுந்துபோய் அந்தக் காதுக் கருவிப் பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

“இது விசில் அடிக்குது. போட்டா மண்டைக்குள்ள குக்கர் வெச்ச மாதிரி இருக்கு. நல்லதா ஒண்ணு வாங்க நாலு வருஷமா சேர்த்துட்டு இருக்கேன்.”

நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா எப்பவோ வாங்கியிருப்பா. ஒரே ஒரு வார்த்தை. அவ மனசு நோகக் கூடாதுன்னு — இல்ல, எனக்குச் சங்கடம். அதுதான் நிஜம். அவ பேரைச் சொல்லி என்னைக் காப்பாத்திக்கிட்டேன்.

அந்த எட்டு ஆண்டுத் தொகையை நான் தருகிறேன் என்றேன். “உன் பென்ஷன்லயா? போடா.” சிரிக்கவில்லை. டீ கொடுக்கும்போதும் சிரிக்கவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21

இருபதாம் தேதி நேற்றோடு போயிற்று. கால்வலி இன்னும் போகவில்லை.

அக்டோபர் 24

சான்றிதழுக்காக அக்காவைக் காது மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள். காதில் பெரிய ஹெட்ஃபோன். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு பெண் சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பிக்கொண்டே போனாள். அக்கா கையைத் தூக்கத் தயாராக, கவனமாக, தேர்வு எழுதும் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தாள். கை எழவில்லை. திருகு இன்னும் திரும்பியது. கை எழவில்லை.

இவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் ஓரம் வலப்பக்கமாக இருந்தது. பழக்கத்தில் நான் உள்ளே நகர்ந்தேன். முதுகில் தட்டினாள். “எழுந்திருடா. ஜன்னல் எனக்கு. சின்ன வயசுலேருந்து நீங்களே உக்காந்து பாத்தாச்சு.”

இடப்பக்கம் உட்கார்ந்தேன். வழி முழுக்க ஒன்றும் பேச முடியவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் 29

அக்கா வந்திருந்தாள். மடிக்கணினியை அவள் முன்னால் வைத்து, கேள்விக்காரன் கேட்டதையெல்லாம் நான் உரக்கப் படித்தேன். அவளே பதில் சொன்னாள். மனைவி அடுக்களையிலிருந்து, “கோர்ட்டு மாதிரி இருக்கு,” என்றாள்.

இருபத்து மூன்றாவது வந்தபோது பொத்தானைக் காட்டச் சொல்லி அக்காவே அழுத்தினாள். “இவ்ளோதானா? இதுக்கா பதினொரு வருஷம்?”

முப்பத்தோராவது: ‘ஆண்டு முழுவதும் வாடகை கிடைத்ததா?’ ‘ஆம்’ என்பதற்கு என் கை போய்விட்டது.

“இரு இரு. கடை பாதி வருஷம் காலியால்ல கிடந்துச்சு.”

“சொல்லவே இல்லையேக்கா.”

“நீ கேக்கலையே.”

மதியத்துக்குள் எல்லாம் அனுப்பியாயிற்று. பழைய மூன்று ஆண்டுகளின் திருத்தமும். எங்கள் இருவருக்கும் இனி கேள்விக்காரன்தான். மெதுவானது, அலுப்பூட்டுவது. தொண்டை கட்டிவிட்டது. பரவாயில்லை.

நான்காம் தேதிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது தாமதம்தான், தவறென்று சொல்ல முடியாது. மூன்றாவதும் தவறில்லை; மூன்று மென்பொருளும் நானும் கூட்டியது சரியே. நான்காவது தவறு. அலுவலக வழக்கப்படி சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்:

‘அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும்.’